வேதா இடம் மாற்றிய பாடங்கள்

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் ராஜமாணிக்கம் சவுண்ட் சர்வீஸ் இருந்தது. கீழே குழாய் ஸ்பீக்கர்களும் சீரியல் லைட்டுகளும் டியூப்லைட் கட்டிய சவுக்குக் கட்டைகளும் கிடக்கும். மாடியில், ஜன்னல்களைப் பழைய மெத்தை வைத்து அடைத்த ஓர் அறை. அதற்குள் ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், காற்றே வராத புழுக்கம். வேதா தன் வாழ்நாளின் நல்ல பங்கை அந்தப் புழுக்கத்தில்தான் கழித்தாள். யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்குப் பிடிக்காது. "ஏசி ரூம்ல உக்காந்து என்னா பண்ணப் போறேன், தூங்கத்தான் போறேன்" என்பாள்.

அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற வீடு அவளுடையது. அந்த வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் வகுப்பும் படித்துவிட்டு, 2001இல் ராஜமாணிக்கத்திடம் பில் அடிக்கத்தான் வந்து சேர்ந்தாள். மாடியில் ரெக்கார்டிங் போட்டுக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போனதும், "நான் பாக்கறேன் அண்ணா" என்று மேலே ஏறினாள். பிறகு இறங்கவே இல்லை.

மளிகைக் கடைத் திறப்பு விழா, ஆட்டோவில் கட்டி ஊர் சுற்றுகிற ஜவுளிக்கடை விளம்பரம், அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களின் பஜனை, எல்லாம் அவள் கைக்கு வந்தன. பௌர்ணமியன்று மட்டும் மைக்கைத் தொடமாட்டாள். கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல் மெத்தையைத் துளைத்துக்கொண்டு வரும். மற்ற நாட்களில் ஆசிரமத்து மயில்கள் அகவும். ராஜமாணிக்கம் படியேறி வந்து, "இன்னா வேதா, இன்னைக்கும் மயிலு கூடவே பாடிச்சா?" என்று கேட்பார். "அதுக்கும் சம்பளம் போடுங்க அண்ணா" என்பாள்.

அந்த அறையில் ஒரு பழக்கம் இருந்தது. மைக் முன்னால் யார் உட்கார்ந்தாலும் முதலில் பிள்ளையாரை நினைத்து இரண்டு வரி சொல்ல வேண்டும். ராஜமாணிக்கத்தின் உத்தரவு அது. வேதாவுக்கும் அது வசதி. அந்த இரண்டு வரியை வைத்துக் குரலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்து மைக்கைச் சரிசெய்துகொள்வாள். பிறகு நிறுத்திவிட்டு, வேலையைப் புதிதாகப் பதிவு செய்ய ஆரம்பிப்பாள். அந்த முதல் துண்டுக்கு எப்போதும் 'பிள்ளையார்' என்றுதான் பெயர். செருப்புக்கடை பாய் வந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினாலும் அதற்கும் 'பிள்ளையார்'தான். ஒன்றையும் அழிக்க விடமாட்டார் ராஜமாணிக்கம். "சாமியை டெலீட் பண்ணுவியா நீ?" என்று ஒருமுறை நிஜமாகவே கோபித்துக்கொண்டார்.

2004இல் ஒருநாள் அருணாதேவி கைத்தடியைத் தட்டிக்கொண்டு படியேறி வந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். விடுதியில் தங்கி பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தப் பாடத்தை யாராச்சும் படிச்சு ஒரு கேசட் போட்டுக் குடுப்பீங்களா? என் ரூம்ல ஒருத்தி படிச்சுக் காட்டறா. ரெண்டு பக்கம் தாண்டறதுக்குள்ள அவ தூங்கிடறா."

"நீ தூங்கறதில்லையா?"

"நான் தூங்கினா அவளுக்குத் தெரியாதே. அவ கண்ணை மூடினா எனக்குத் தெரிஞ்சுடும். குரல் சாயும்."

வேதாவுக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. ராஜமாணிக்கத்திடம் போய்க் கேட்டாள். "மத்தியானத்துக்கு மேலதான் கடைக்காரங்க வருவாங்க. காலையில இன்னா வேணா பண்ணிக்கோ" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் பாட வேலை. அருணா வந்து போனது தெரிந்து இன்னும் சில மாணவர்கள் வந்தார்கள். படிக்க ஆள் தேடினாள் வேதா. பள்ளி ஆசிரியர்கள் சிலர், ஒரு தபால் அலுவலக அம்மா, கடைசியாக சுப்பன்.

சுப்பன், பெங்களூர் வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நெரிசலிலும் பின் சீட்டுக்குக் கேட்கிற குரல். அந்தக் குரலுக்கு மைக்கைச் சரிசெய்ய வேண்டியதே இல்லை. முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் ஒரே அளவில் வரும். முதல்நாள் பிள்ளையாரைச் சொல்லி முடித்ததும் வேதா நிறுத்தப் போனாள். அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்து படித்தார். முடித்தபிறகு சொன்னார்:

"சாமியைக் கும்பிட்டு வண்டியை எடுத்துட்டா நடுவுல நிறுத்தக் கூடாதும்மா."

"இது வண்டி இல்ல கண்டக்டரே."

"உனக்கு இல்ல. எனக்கு வண்டிதான்."

அதனால் சுப்பன் படித்த பாடங்கள் எல்லாம் 'பிள்ளையார்' என்ற பெயரிலேயே டிஸ்கில் தங்கின. அப்புறம் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று வேதா நினைத்தாள். அப்புறம் அப்புறம் என்று அது மறந்தேபோயிற்று. அருணாவின் கடைசி வருஷத்து ஐரோப்பிய வரலாறு முழுவதையும் அவர்தான் அப்படி ஒரே மூச்சில் படித்துக் கொடுத்தார். அந்த வருஷக் கார்த்திகைத் தீபத்துக்குப் பிறகு தொண்டையில் கட்டி என்று வேலூரில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. குரல் மட்டும் போய்விட்டது.

2006 தையில் தேர்தல் சூடு தொடங்கியது. எல்லாக் கட்சிக்காரர்களும் ஆட்டோ விளம்பரத்துக்கு ராஜமாணிக்கத்திடம் வந்தார்கள். கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஹார்ட் டிஸ்க். அதில் இடம் இல்லை. அவர் சென்னை ரிச்சி தெருவில் பழைய டிஸ்க் ஒன்று வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார்.

"பாடமெல்லாம் இதுல போட்டு பீரோல வெச்சுடு. பெரிய டிஸ்க் எலக்‌ஷனுக்கு வேணும்."

"இது சின்னதா இருக்கே அண்ணா."

"பெருசு விலை ஜாஸ்தி. இதுல எப்படியாச்சும் அடக்கு."

பாடங்கள் அதற்குள் அடங்கவில்லை. கொஞ்சம் வெளியே நின்றது. எதை விடுவது என்று யோசித்த வேதாவுக்குச் சட்டென்று பிள்ளையார் நினைவு வந்தது. மைக் பார்ப்பதற்காகச் சொன்ன இரண்டிரண்டு வரிகள். அவை மாணவர்களுக்கு எதற்கு? அந்தப் பெயரில் இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை நகல் எடுத்தாள். சுளுவாக அடங்கியது. இவ்வளவு இடம் மிச்சமாகும் என்று அவளே நினைக்கவில்லை. ஏன் என்று யோசித்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

"பிள்ளையாரை இன்னா பண்ணே?" என்றார் ராஜமாணிக்கம்.

"அழிக்கல அண்ணா. கூட்டிக்கிட்டுப் போகல, அவ்ளோதான்."

அவள் கவனமில்லாதவள் அல்ல. நகல் எடுத்த ஒவ்வொரு ப்ராஜெக்டையும் சின்ன டிஸ்கிலிருந்து திறந்து, ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒலித்தன. சுப்பனும் கணீரென்று ஒலித்தார். அவள் செய்த ஒரே தவறு, அப்படிக் கேட்டபோது பெரிய டிஸ்கையும் கழற்றாமல் விட்டிருந்தது.

ப்ராஜெக்ட் என்று நாம் திறக்கிற கோப்பில் குரல் இருப்பதில்லை. எந்தக் குரல் எந்த டிஸ்கில், எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும். புது வீட்டுக்குக் குடிபோன பெண் தண்ணீருக்கு மட்டும் பழைய தெருக் குழாய்க்கே நடப்பதுபோல, இடம் மாறிய ப்ராஜெக்ட் குரலுக்காகப் பெரிய டிஸ்குக்கே போய்வந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே இருந்ததால் அதற்குக் குரலும் கிடைத்தது. வேதா திருப்தியோடு சின்ன டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்தாள். பெரியதில் இருந்த பதிவுகளையெல்லாம் அழித்தாள். அதன்மேல் கட்சிக்காரர்கள் வந்து முழங்கினார்கள்.

மார்ச்சில் அருணா கேசட்டுக்கு வந்தாள். கேசட்டுகளை மாணவர்களுக்குத் தேவைப்படும்போதுதான் போட்டுக் கொடுப்பார்கள். படித்து முடித்துத் திருப்பித் தந்தால் அதன்மேலேயே அடுத்த பாடம். ஐரோப்பிய வரலாறு அதுவரை கேசட்டில் ஏறவே இல்லை. வேதா சின்ன டிஸ்கை மாட்டித் திறந்தாள். திரையில் கோடுகள் வந்தன, சத்தம் வரவில்லை. 'கோப்பைக் காணவில்லை' என்றது கம்ப்யூட்டர். எந்தக் கோப்பு என்று பார்த்தாள். பிள்ளையார். அடுத்த பாடம். பிள்ளையார். அதற்கடுத்ததும் பிள்ளையார். அப்போதுதான் அவளுக்குச் சுப்பன் கையைக் காட்டித் தடுத்தது நினைவுக்கு வந்தது.

அருணாவை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினாள். ராஜமாணிக்கம் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினார்.

"டிஸ்க் ரிப்பேருன்னு சொல்லிடு. பழைய டிஸ்குதானே. யாரு வந்து பாக்கப் போறா?"

"டிஸ்க் நல்லாத்தான் இருக்குது அண்ணா."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா அது?"

"எனக்குத் தெரியுமே."

அருணாவுக்கு அந்த ஒரு தேர்வுத் தாள் எவ்வளவு முக்கியம் என்று வேதாவுக்குத் தெரியும். ஒரு தாளில் தேறாவிட்டாலும் அந்த வருஷம் பி.எட். சேர முடியாது. சேராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அண்ணன் வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே வேலை, களத்துமேட்டில் கோழி விரட்ட உட்கார்ந்திருப்பது. அதிலிருந்து தப்பித்துத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

மறுநாள் அருணா வந்ததும் வேதா சுற்றி வளைக்கவில்லை.

"ஐரோப்பா பேப்பர் போச்சு அருணா."

"போச்சுன்னா?"

"கண்டக்டர் படிச்சது மொத்தமும் இல்ல."

"தெரியாம அழிஞ்சுடுச்சாக்கா?"

"தானா அழியலடி. நான்தான் அழிச்சேன்."

அருணா கைத்தடியை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். பிறகு சொன்னாள்:

"நெப்போலியன் ஜெயிச்சானா தோத்தானான்னு மட்டும் சொல்லுங்க. அதை வெச்சு எதாச்சும் எழுதிட்டு வரேன்."

வேதாவால் சிரிக்க முடியவில்லை. "பரீட்சைக்கு முன்னால மொத்தமும் உன் கையில இருக்கும்" என்றாள்.

"யாரு படிப்பாங்க?"

"படிக்கத் தெரிஞ்ச எல்லாரும்."

சொன்னது சுலபம். ஆசிரியர்கள் பொதுத்தேர்வு வேலைக்குப் போய்விட்டார்கள். தபால் அலுவலக அம்மா மகள் பிரசவத்துக்கு ஓசூரில் இருந்தார். மிஞ்சியவர்கள் கட்சி விளம்பரத்துக்கு வருகிறவர்கள்தான். வேதா அவர்களையே பிடித்தாள். விளம்பரம் சொல்லிவிட்டு எழுந்தவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தாள். "ரெண்டு பக்கம் படிச்சுட்டுப் போங்க. உங்க கட்சி கேசட் அப்பத்தான் கீழ எறங்கும்" என்றாள். ராஜமாணிக்கம் கையைப் பிசைந்தார். ஆனால் தடுக்கவில்லை.

அவர்களில் கெட்டிக்காரன் செழியன். ஆட்டோவில் மைக் பிடித்து ஊர் முழுக்க அறிவிப்புச் செய்கிறவன். அவனுக்கு வேறு தொனியே வராது.

"மாபெரும்... பிரெஞ்சுப் புரட்சி! பாரிஸ் மாநகரில்! பாஸ்டில் சிறைச்சாலை... உடைப்பு! பொதுமக்கள் அனைவரும் திரண்டு..."

"செழியா, தள்ளுபடி எவ்ளோன்னு சொல்லலயே" என்றாள் வேதா.

"உனக்குக் கிண்டலா இருக்குது. எனக்கு மூச்சு முட்டுது. எத்தனை லூயி மன்னன்யா இவனுங்களுக்கு? ஒருத்தனுக்காச்சும் வேற பேரு வெச்சிருக்கக் கூடாதா?"

விஷயம் சுப்பன் காதுக்கும் போயிற்று. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். வேதா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள். "கண்டக்டரே, நீங்க கஷ்டப்பட்டுப் படிச்சதை..." என்று தொடங்கினாள். அவர் கையமர்த்திவிட்டு அறைக்குள் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். செழியன் ஒரு பெயரைத் தப்பாகப் படித்ததும் ஒரு விசில். செழியன் நின்றான். திருத்திப் படித்ததும் இரண்டு விசில். வண்டி கிளம்பியது. அன்று அந்த அறை சிரித்த சிரிப்பில் ஒரு பக்கமும் பதிவாகவில்லை. மறுநாளிலிருந்து ஒழுங்காக நடந்தது. விசிலை வேதா பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள்.

ஆள் கிடைக்காத நேரங்களில் அவளே படித்தாள். தன் குரல் தகரத்தில் மழை பெய்வதுபோல இருக்கிறது என்று அதுவரை மைக்கில் பேசியே இராதவள். வியன்னா மாநாடு முழுவதும் அவள் குரல்தான்.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் இன்னொரு காரியம் செய்தாள். அன்று பதிவானதையெல்லாம் பாடத்தின் பெயரையும் பக்கத்தையும் போட்டு, ப்ராஜெக்டும் குரலும் ஒரே ஃபோல்டரில் சேர்ந்திருக்கும்படி சின்ன டிஸ்குக்கு நகல் எடுத்தாள். பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தி, பக்கவாட்டு மூடியைத் திறந்து, பதிவு வைத்திருந்த பெரிய டிஸ்கின் வயரைப் பிடுங்கினாள். அதற்கென்றே விண்டோஸ் போட்டுவைத்திருந்த சின்ன டிஸ்கை மட்டும் வைத்து இயக்கி, பாடங்களைத் திறந்து காது கொடுத்துக் கேட்டாள். ஒலித்தால்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

"டெய்லி ஆபரேஷனா?" என்றார் ராஜமாணிக்கம். "வயரு லூசாகப் போவுது."

"வயரு வாங்கிக்கலாம் அண்ணா."

"பக்கத்துல இருந்தா இன்னா? அதான் காப்பி ஆயிடுச்சுன்னு கம்ப்யூட்டரே சொல்லுதே."

"அன்னைக்கும் சொல்லுச்சே. பழசு கூட இருக்கற வரைக்கும் புதுசு நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும் அண்ணா. கழட்டிட்டுத் திறந்தாத்தான் அதும்கிட்ட சொந்தமா இன்னா இருக்குதுன்னு தெரியும்."

இன்றைக்குத் திருவண்ணாமலையில் ஒலிப்பதிவு செய்கிற பிள்ளைகள் பலர் டிஸ்க் மாற்றும்போது இப்படித்தான் செய்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் சிலருக்கு வேதாவின் பெயர் தெரியும், சிலருக்குத் தெரியாது. அவளுக்கு அதில் ஒரு குறையும் இருந்திருக்காது.

தேர்வுக்கு முந்தின வாரம் கேசட்டுகள் அருணாவின் பைக்குள் போயின. கடைசிப் பாடத்தை மட்டும் அவள் அறையிலேயே உட்கார்ந்து, பதிவாகப் பதிவாகக் கேட்டாள். தேர்வன்று அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு பெண்ணை உட்கார்த்தியிருந்தார்கள். முடித்துவிட்டு நேரே சவுண்ட் சர்வீசுக்கு வந்தாள். வேதா படியிலேயே மறித்தாள்.

"எப்படிடி?"

"எழுதின பொண்ணு கை வலிக்குதுன்னு சொல்லிட்டா. நான் நிறுத்தலயே."

"அப்போ பாஸா?"

"பாஸ் பண்றதுக்கா இத்தனை பேரைத் தொண்டை கிழியப் படிக்க வெச்சீங்க? மார்க்கு வரட்டும், பாருங்க."

மார்க்கு வந்தது. வகுப்பில் அந்தத் தாளில் அவளுக்கு மேல் யாரும் இல்லை. ராஜமாணிக்கம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "நம்ம ஸ்டுடியோல படிச்ச பொண்ணு" என்று சொல்லிக்கொண்டார். பி.எட். கிடைத்து, அருணா வேலூருக்குப் போனாள்.

அங்கே பார்வையற்ற மாணவர்களுக்கென்று ஒரு சிறு அறையும் யாரோ தந்த கம்ப்யூட்டரும் இருந்தன. பாடங்களைக் கேட்டு அருணா போன் செய்தாள். கேசட்டாக அனுப்பலாமா என்றார் ராஜமாணிக்கம். வேதா ஒப்பவில்லை. கேசட் தேயும், டிஸ்கில் ஏற்றிவிட்டால் அவர்களே வேண்டுமட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றாள். சின்ன டிஸ்கைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து, பஸ் ஏறினாள். குழியில் வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் பையை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "உள்ள இன்னாம்மா, முட்டையா?" என்று கேட்டார். "பாடம்" என்றாள் வேதா. அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

வேலூரில் இருந்தது அவளுடைய கம்ப்யூட்டர் அல்ல, அவளுடைய அறை அல்ல, அவள் பெயர் வைத்த ஃபோல்டர் ஒன்றும் அங்கே இல்லை. டிஸ்கை மாட்டி, பாடங்களை அந்த இயந்திரத்தில் ஏற்றினாள். பிறகு தன் டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்தாள். மாணவர்கள் சுற்றி நின்றார்கள். முதல் பாடத்தைத் திறந்தாள். ஒலித்தது. ஒருவன் கை தட்டினான். வேதா அதை நிறுத்திவிட்டு இரண்டாவதைத் திறந்தாள். பிறகு மூன்றாவதை.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அருணா அவள் தோளைத் தொட்டாள்.

"அக்கா, எல்லாம் இருக்குதுக்கா. பசங்க நம்பறாங்க. பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்புங்க."

"அவங்க நம்பட்டும்" என்றாள் வேதா. "நான் இன்னும் பாதிதான் கேட்டிருக்கேன்."

அருணா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.